பாறைமேல் படுத்த ஓட்டக்காரி

அல்லிக்குளத்தின் கரையில் வீராயி என்றொரு உடும்பு இருந்தது. கேள்வி கேட்பதுதான் அதற்கு வேலை. இரண்டு கால் இருக்கும்போது நாரை ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது? மழை வருவதால் தவளை கத்துகிறதா, தவளை கத்துவதால் மழை வருகிறதா? இப்படிக் கேட்டுக் கேட்டே குளத்திலிருந்த அத்தனை பேரையும் ஒரு வழி பண்ணிவிட்டது. வீராயி வருவது தெரிந்தாலே ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அப்பேர்ப்பட்ட வீராயி ஒரு சமயம் மூன்று நாள் வாயே திறக்கவில்லை. கரையோரப் புற்றுக்குள் அது இட்டுவைத்த முட்டைகள் எல்லாம் போய்விட்டன. கரடி வந்தது என்னவோ கரையானுக்காகத்தான். கரையானைத் தின்னப் புற்றைத் தோண்டியது. முட்டைகளும் சேர்ந்து போயின. கரடியிடம் போய் நியாயமா பேச முடியும்? வீராயி இரை எடுக்காமல் சுருண்டு கிடந்தது. நான்காம் நாள் எழுந்து, கரடியின் கை எட்டாத புற்று எங்கே இருக்கிறது என்று நாரையிடம் கேட்டது.

மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது என்றது நாரை. பெரிய பெரிய பாறைகளின் இடுக்கில் வளர்ந்த புற்றுகள். உடும்பு நுழையலாம், கரடி நுழைய முடியாது.

ஆனால் அங்கே போவது லேசுப்பட்ட காரியமா? குளத்துக்கும் மலைக்கும் நடுவில் ஒரு பெரிய பொட்டல். ஒருவர் உரக்கக் கூப்பிட்டால் எவ்வளவு தூரம் கேட்குமோ அதுதான் ஒரு கூப்பிடு தூரம். பொட்டலின் அகலம் அப்படி இருபது கூப்பிடு தூரம். அங்கே ஒரு சிறுத்தை இருந்தது. மாசி மாதத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் அது யாரையும் தொடாது. அன்று காலையில் குளத்தங்கரை மருதமரத்திலிருந்து மயில் கூவும். சாயங்காலம் அந்த மரத்தின் உச்சியைவிட்டு வெயில் இறங்கியதும் மறுபடியும் கூவும். பொட்டல் நெடுக இருக்கும் மற்ற மயில்கள் அந்தக் கூவலை வாங்கி மலைவரை கொண்டுபோகும். இரண்டு கூவலுக்கும் நடுவில் பொட்டலைக் கடந்துவிட வேண்டும். இரண்டாம் கூவலுக்குப் பிறகும் பொட்டலில் நிற்பவர் சிறுத்தைக்கு இரை. ஒரு நாள் பட்டினி கிடந்தால் மறுநாள் நன்றாகப் பசிக்கும் என்று சிறுத்தையும் வாக்கு மாறாமல் இருந்தது.

அதற்குத்தான் ஓட்ட நாள் என்று பெயர். கோடையில் குளம் வற்றிவிடும், மலையடிவாரத்தில் ஊற்று வற்றாது. அதனால் மான், முயல், கீரி என்று பலரும் வருஷாவருஷம் ஓடுவார்கள். மழை பெய்து பொட்டலில் ஆளுயரப் புல் வளர்ந்தபின் மெதுவாக ஒளிந்து ஒளிந்து திரும்பி வந்துவிடுவார்கள். உடும்பு இனத்தில் மட்டும் அதுவரை ஒருவரும் ஓடியதில்லை.

"நான் ஓடினால் என்ன?" என்று வீராயி தன்னையே கேட்டுக்கொண்டது. ஓட்ட நாளுக்கு நான்கு மாதம் இருந்தது. சித்திரையில் முட்டையிட வேண்டும். சரி, ஓடிப் பார்த்துவிடுவது.

குளத்தங்கரையில் ஓட்டப் பயிற்சிக்கு ஒரு கூட்டம் உண்டு. அதற்குத் தலைவர் சடையன் என்ற காட்டுப்பன்றி. இரண்டு முறை பொட்டலைக் கடந்தவர், அதனால் பேச்சுக்கும் குறைச்சல் இல்லை. விடியலுக்கு முன்பே எல்லோரையும் எழுப்பிவிடுவார். பனி இறங்கும் நேரத்தில் ஓடாதது ஓட்டமே இல்லை என்பது அவருடைய கட்சி. பின்னால் திரும்பிப் பார்க்காதே என்று முயல் சொல்லிக்கொடுத்தது. வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடு, தெம்பாக இருக்கும் என்றது கீரி. வீராயி அதையும் செய்து பார்த்தது. இரண்டு நண்டைத் தின்றுவிட்டு ஓடி, அரை கூப்பிடு தூரத்தில் இரண்டையும் வெளியே கக்கியது. கீரி பேச்சைக் கேட்டால் இதுதான் கதி.

வயிறாவது பரவாயில்லை. கால்தான் பெரிய தொல்லை. விடியலில் ஓடும்போது வீராயியின் கால்கள் மரக்கட்டைதான். முயல் ஓடி, திரும்பி வந்து, அதைச் சுற்றிவிட்டு மறுபடி ஓடும். இரண்டாவது கூப்பிடு தூரத்திலேயே வீராயி மண்ணில் வயிறு பட விழுந்துவிடும். உடும்புக்கு எதற்கு இந்த வேலை என்று எல்லோரும் சிரித்தார்கள். வீராயிக்கு அழுகை வந்தது.

அழுது முடித்ததும் அதற்கு ஒரு சந்தேகம் வந்தது. நேற்று மத்தியானம் பருந்துக்குப் பயந்து ஓடினேனே, அப்போது இந்தக் கால்கள் எங்கே போயிருந்தன? அதே கால்கள்தானே?

அவ்வளவுதான், பழைய வீராயி திரும்பி வந்துவிட்டது. மறுநாள் விடியலில் ஓடி, நின்ற இடத்து மரத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டது. அடுத்த நாள் பாறைமேல் கொஞ்ச நேரம் வெயில் காய்ந்துவிட்டு ஓடியது. கீறல் நாலு மரம் தள்ளி விழுந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் அதிக நேரம் காய்ந்தது. கீறல் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. எவ்வளவு நேரம் காய வேண்டும்? அதையும் கண்டுபிடித்தது. தலை முதலில் சுடும், பிறகு முதுகு சுடும். வால் நுனி சுட்டதும் கால்கள் தயார். மூச்சு முட்டும்போது தொண்டையை உப்பி உப்பிக் காற்றை உள்ளே தள்ளினால் நெஞ்சு லேசாகிறது என்பதும் தெரிந்தது. இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்கு அத்தனை சந்தோஷம்.

ஓடோடிப் போய்ச் சடையனிடம் சொன்னது. சடையன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மயில் கூவி எல்லாரும் ஓடுறப்ப நீ மட்டும் பாறைமேல படுத்துக் கிடப்பியா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க புள்ளே?"

வீராயி தலையைக் குனிந்துகொண்டு தன் பாறைக்குத் திரும்பியது.

ஓட்ட நாள் வந்தது. கரையில் நிற்க இடமில்லை. புல்லெல்லாம் பனி. வீராயி மனசுக்குள் திட்டம் போட்டுத்தான் வந்திருந்தது. மயில் கூவட்டும், போகிறவர்கள் போகட்டும், நான் காய்ந்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று.

மயில் கூவியது. அத்தனை கால்களும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. தரை அதிர்ந்தது. யாரோ "ஓடு, ஓடு" என்று கத்தினார்கள். திட்டமாவது ஒன்றாவது! வீராயியும் கூட்டத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. எப்போது கிளம்பினோம் என்பதே அதற்குத் தெரியாது.

மூன்றாவது கூப்பிடு தூரம் வரைதான் அந்த வேகம். பிறகு கால்கள் மரத்துப் போயின. முன்னங்கால் ஒரு பக்கம் இழுத்தது, பின்னங்கால் ஒரு பக்கம் இழுத்தது. கூட்டம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கண்ணைவிட்டு மறைந்தது. திரும்பிப் பார்த்தால் குளம் பக்கத்தில்தான் இருந்தது. பேசாமல் திரும்பிவிடலாம், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் குளத்தில் இருப்பது கரடி தோண்டிய புற்றுதானே?

அருகில் ஒரு கரும்பாறை இருந்தது. வீராயி அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

கடைசியாக வந்த கௌதாரிக் கூட்டம் அதைப் பார்த்துவிட்டது. ஓட வந்தவள் தூங்குகிறாள் என்று ஒன்று சொல்ல, மற்றவை கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டே போயின. வீராயிக்கு மானம் போயிற்று. எழுந்து ஓடிவிடலாமா என்று நகம்கூடப் பாறையில் பரபரத்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. தலை சுட்டது. முதுகு சுட்டது. வாலுக்காகக் காத்திருந்த நேரம்தான் அந்த நாளிலேயே நீளமான நேரம்.

வால் நுனி சுட்டது. வீராயி இறங்கி ஓடியது.

இப்போது கால்கள் சொன்னபடி கேட்டன. தொண்டை உப்பி உப்பி அடங்கியது. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, தனக்கு எது முடியுமோ அந்த ஓட்டம். உச்சி வெயிலில் கௌதாரிகள் ஒரு புதருக்கடியில் அலகைத் திறந்துகொண்டு கிடந்தன. இந்தத் தடவை சிரிக்கவில்லை. முயல் காதுகளை விரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இந்த வெயிலில் எப்படி ஓடுகிறாய் என்று அது கேட்டபோது, வெயில் இருப்பதால்தான் ஓடுகிறேன் என்றது வீராயி.

பன்னிரண்டாவது கூப்பிடு தூரத்தில் ஒரு சேற்றுக்குழி. அதற்குள் சடையன் கிடந்தார். தலைவராயிற்றே, காலையில் எல்லோருக்கும் முன்னால் ஓடவேண்டும் என்று ஓடியதில் உடம்பு கொதித்துப் போய்விட்டது. எழுந்து எழுந்து பார்க்கிறார், முடியவில்லை. எல்லோரும் தாண்டிப் போகிறார்களே என்று கண் கலங்கி இருந்தது. வீராயி வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டது.

"அண்ணே, உங்க உடம்பு என்ன சொல்லுது?"

"எந்திரிக்காதேன்னு சொல்லுது."

"அப்ப எந்திரிக்காதீங்க. வெயில் சாயட்டும். அதுக்கப்புறம் நீங்க ஓடினா போதும்."

சடையன் சேற்றுக்குள் இன்னும் கொஞ்சம் அமிழ்ந்துகொண்டார். வீராயி ஓட்டத்தைத் தொடர்ந்தது.

பதினெட்டு கூப்பிடு தூரம் தாண்டியது. புற்றுகள் கண்ணுக்குத் தெரிந்தன. அப்போதுதான் அது நடந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க, மலையின் நிழல் பொட்டலில் விழுந்தது. தரை சட்டென்று குளிர்ந்தது. வீராயி எந்தெந்த வேளையிலோ ஓடிப் பார்த்திருந்தது. சாயங்காலத்தில் மட்டும் ஓடிப் பார்க்கவில்லை. கால்கள் மறுபடியும் கட்டையாகத் தொடங்கின. ஓட்டம் நடையாயிற்று, நடை ஊர்வதாயிற்று. படுத்துக் காயலாம் என்றால் வெயில் எங்கே இருக்கிறது? மலையடிவாரத்துக்கு முக்கால் கூப்பிடு தூரம் இருக்கும்போது அது அசையாமல் நின்றுவிட்டது.

வெகுதூரத்தில் மருதமரத்தின் உச்சியில் மட்டும் வெயில் மினுங்கியது. பக்கத்து மேட்டில் சிறுத்தை வந்து உட்கார்ந்து, முன்னங்காலை நக்கிக்கொண்டே மரத்தைப் பார்த்தது. பிறகு வீராயியைப் பார்த்தது. அவசரமே படவில்லை.

பின்னால் தடதடவென்று சத்தம். சடையன்! சேறு காய்ந்த உடம்போடு, குளிர்ந்த காற்றில், இளவட்டம் மாதிரி ஓடி வந்தார். வீராயியைத் தாண்டிப் போனார். பத்தடி தள்ளி நின்றார். திரும்பி வந்து வீராயியின் பக்கத்திலேயே பொத்தென்று படுத்தார்.

"ஏறிப் படு புள்ளே. ஓடி வந்த உடம்பு, அடுப்பா கொதிக்குது. பாறை இல்லாட்டி என்ன, நான் கிடக்கேன்."

வீராயி மெல்ல ஊர்ந்து அவர் விலாவில் ஏறி, நகத்தைப் பதித்துப் படுத்துக்கொண்டது. உடும்புப் பிடி, சும்மா விடுமா? சூடு வயிற்றில் ஏறியது, முதுகுக்கு வந்தது. சடையன் மருதமரத்தைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய நெஞ்சு அடித்துக்கொள்வது வீராயிக்குக் கேட்டது.

"நீங்க போயிருக்கலாமே அண்ணே. ஏன் நின்னீங்க?"

"எல்லாம் உன்கிட்டேருந்து ஒட்டிக்கிட்ட வியாதி. இவ கால் சூடேறினா எப்படித்தான் ஓடுவான்னு ஒரு கேள்வி வந்துட்டது. பார்க்காம போக மனசு வரலை."

வால் நுனி சுட்டது. வீராயி குதித்தது. இருவரும் பக்கம் பக்கமாக ஓடினார்கள். மேட்டில் சிறுத்தை எழுந்து நின்று உடம்பை நெளித்தது. மரத்தின் உச்சியில் ஒரே ஒரு இலை அளவுக்கு வெயில் இருந்தது. மலையடிவாரத்தின் முதல் பாறையில் வீராயியின் முன்னங்கால் பட்டது, சடையனின் மூக்கு இடித்தது. மயில் கூவியது. சிறுத்தை ஒரு கொட்டாவி விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட்டது.

சித்திரையில் வீராயி பாறையிடுக்குப் புற்றில் இருபத்திரண்டு முட்டைகள் இட்டது. கரடி ஒரு நாள் வந்து கையை விட்டுப் பார்த்தது, எட்டவில்லை, முனகிக்கொண்டே போயிற்று. மழைக்குப் பிறகு குஞ்சுகள் வெளியே வந்தன. வந்ததும் வராததுமாக ஒன்று தாயைப் பார்த்து, "வெயில் ஏன் சுடுகிறது?" என்று கேட்டதாம்.

புல் வளர்ந்ததும் மற்றவர்களோடு குளத்துக்குத் திரும்பியிருந்த வீராயி, அடுத்த ஓட்ட நாளில் மயில் கூவியபோது கரையில் ஒரு பாறைமேல் படுத்திருந்தது. கூட்டம் பாய்ந்து ஓடியது. பக்கத்தில் கரையோரச் சேற்றில், வெயில் சாயட்டும் என்று சடையன் கண்ணை மூடிக் கிடந்தார். யாரும் சிரிக்கவில்லை.

கூட்டத்தின் வேகத்தைப் பார்த்து ஓடுகிறவர் பாதி வழியில் விழுவார். தன் உடம்பைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஓடுகிறவரே எல்லையைத் தொடுவார்.