கொய்யா ஜெல்லியும் விரட்டப்பட்ட எலுமிச்சையும்

அநியாயம் நடந்தது எலுமிச்சைக்கு. முதன்முதலாகக் கொய்யா ஜெல்லி காய்ச்சிய நாளில், சும்மா எட்டிப்பார்க்க வந்தவளை, "புளிப்பு மூஞ்சி, தள்ளிப் போ" என்று அடுப்படியிலிருந்தே விரட்டிவிட்டார்கள். அவள் எதையாவது கெடுத்தாளா? இல்லை. கெடுப்பாள் என்று அவர்களாகவே முடிவுகட்டிக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில், பழங்களும் விலங்குகளும் ஒரே பேச்சுப் பேசியபோது, மலையடிவாரத்தில் ஒரு தாய்க்கரடி இருந்தாள். மழைக்காலத்தில் காட்டில் ஒரு பழம்கூடக் கிடைக்காது. போன மழையில் அவளுடைய இரண்டு குட்டிகளும் எலும்பும் தோலுமாகிவிட்டன. இந்த வருஷம் கொய்யாவைக் கெட்டியாகக் காய்ச்சி, இலையில் பொதிந்து, குகையில் வைத்துக்கொள்வது என்று கிளம்பினாள். செங்காய்களாகப் பார்த்து வேகவைத்தாள், வடிகட்டினாள், சாற்றில் சர்க்கரையைக் கொட்டிக் கிண்டினாள்.

கிண்டினாள், கிண்டினாள், தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். இலையில் ஒரு சொட்டு விட்டால் ஓடியது. எறும்புகளுக்குக் கொண்டாட்டம். மேற்கே மேகம் கறுத்துவிட்டது.

"என்னம்மா கோளாறு?" என்று கரடி சட்டிக்குள் குனிந்து கேட்டாள்.

"என் பெண்களைக் கேள்" என்றாள் கொய்யா.

கொய்யாவுக்குள் பசையான இழைகள் ஆயிரம். எல்லாரும் அவள் பெற்ற பெண்கள்தான். அவர்கள் கைகோத்து நின்றால் சாறு கெட்டியாகும். ஆனால் ஒருத்திக்கு ஒருத்தி ஆகாது.

"நடுவில் தண்ணீர் நின்று கோள் சொல்லிக்கொண்டிருந்தது. சர்க்கரை வந்து அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அப்புறமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள்" என்று கொய்யா புலம்பினாள்.

"இன்னும் சர்க்கரை போடவா?"

"இனிக்கப் பேசினால் சமாதானமாகிற பெண்கள் இல்லை இவர்கள்."

எலுமிச்சை எங்கும் போயிருக்கவில்லை. தன் செடியடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கரடியக்கா, ஒன்று கேட்கிறேன். என்னை ஏன் விரட்டினீர்கள்?"

"நீ வந்தால் எல்லார் முகமும் சுருங்கும்."

"சுருங்கட்டுமே. புளிப்புப் பட்டால் எல்லார் மூஞ்சியும் ஒரே மாதிரி ஆகும். ஒரே மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு யார் யாரைப் பார்த்து முறைப்பது?"

முதல் தூறல் கரடியின் மூக்கில் விழுந்தது.

"தப்புத்தான், எலுமிச்சை" என்று முனகினாள்.

"கொஞ்சம் சத்தமாக. என்னை விரட்டியது ஊருக்கே கேட்டது."

கரடி உரக்கச் சொன்னாள். குட்டிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

எலுமிச்சை தன் செடியின் முள்ளிலேயே தன்னைக் கீறிக்கொண்டு, சட்டிக்கு மேல் நின்று சொட்டுச் சொட்டாகப் பிழிந்துகொண்டாள். ஆயிரம் பெண்களும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தார்கள். பக்கத்தில் இருந்தவளை யாரென்றுகூடப் பார்க்காமல் பிடித்துக்கொண்டார்கள். பிடித்த பிடியை விடவில்லை. இலையில் விட்ட அடுத்த சொட்டு ஒரு முறை நடுங்கியது, அப்படியே நின்றது.

அந்த மழைக்குக் குட்டிகள் கொழுகொழுவென்று இருந்தன. "கொய்யா ஜெல்லி, கொய்யா ஜெல்லி" என்று குகைக்குள் ஒரே பாட்டு. எலுமிச்சையை யாரும் சொல்லவில்லை.

அன்று முதல்தான் கொய்யா ஜெல்லி காய்ச்சுகிற யாரும், எவ்வளவு சர்க்கரை போட்டிருந்தாலும், எலுமிச்சம்பழத்தைத் தேடி ஓடுகிறார்கள். பெயர் மட்டும் இன்றுவரை கொய்யாவுக்கே. இதில் உனக்கு வருத்தமில்லையா என்று கரடி ஒருநாள் கேட்டதற்கு எலுமிச்சை சொன்னாள்:

"பெயரை அவளே வைத்துக்கொள்ளட்டும், அக்கா. அடுத்த தடவை நான் இல்லாமல் கிண்டிப் பாருங்கள்."