பதினான்காம் கேமரா

ஜெசிந்தாவிடம் தொழில் கற்கச் சேர்ந்தபோது சென்னியப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்து மூன்று.

சென்னியப்பன் இருபது வருடம் அவிநாசிப் பக்கம் கேபிள் டிவி நடத்தியவர். ஜனங்கள் போனிலேயே படம் பார்க்கத் தொடங்கியதும் இணைப்புகள் ஒவ்வொன்றாகப் போயின. கேமரா மாட்டக் கற்றுக்கொடுங்கள் என்று ஒருநாள் வந்து நின்றார். அவர் 'வாத்தியாரம்மா' என்று கூப்பிடுவார். ஜெசிந்தா 'அண்ணா' என்பார்.

இரண்டாம் மாதம் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கிருந்த கேமராக்கள் எல்லாம் ஜெசிந்தா மாட்டியவை.

மேனேஜர் கிரிதரன் தன் அறையில் மானிட்டரைக் காட்டினார். பதினாறு கட்டங்கள். பதினான்காவது மட்டும் கறுப்பு.

"நாலு நாளா ஆஃப்லைன். மத்தியானத்துக்குள்ள வந்தாகணும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

சென்னியப்பன் பையைத் திறந்தார். "புதுக் கேமரா மாத்திரலாமுங்களா?"

"பழசு கெட்டுப்போச்சுன்னு யார் சொன்னாங்க?"

"கட்டம் கறுப்பா இருக்குதுங்களே."

"கறுப்பா இருக்குதுங்கிறது வரைக்கும்தான் நமக்குத் தெரியும். ஏன்னு தெரியாது."

ஜெசிந்தா லேப்டாப்பில் பதினான்காம் கேமராவின் எண்ணை அடித்துக் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. பக்கத்துக் கேமரா உடனே பதில் சொன்னது.

எல்லாக் கேமரா ஒயர்களும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டிக்கு இருவரும் போனார்கள். கரண்டும் படமும் ஒரே ஒயரில்தான் போய்வருகின்றன. பதினான்காம் ஒயர் செருகியிருந்த துளையில் மட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. அதை வேறு துளையில் மாற்றினார். அங்கும் எரியவில்லை. பழைய துளையில் வேறொரு ஒயரைச் செருகினார். எரிந்தது.

"பெட்டியில குத்தமில்லை. இனி ஒயர் கூடவே நடக்க வேண்டியதுதான்."

ஒயர் தையல் கூடத்தின் கூரையை ஒட்டிய தகரத் தட்டு வழியாகப் போயிற்று. இருவரும் அண்ணாந்தபடி கீழே நடந்தார்கள். தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நிமிர்ந்தார்கள். மெஷின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

கூடத்தின் கோடியில் கேமரா இருந்தது. ஜெசிந்தா ஏணி போட்டு ஏறினார்.

கேமராவில் செருகும் ஜாக்கு கழற்றப்பட்டிருந்தது. ஒயரை யாரும் அறுக்கவில்லை, பிடுங்கவும் இல்லை. தூசி புகாதபடி ஜாக்கின் முனையில் பாலிதீன் துண்டைச் சுற்றி, தையல் நூலால் கட்டி முடிச்சுப் போட்டிருந்தது.

ஜெசிந்தா தன் கையடக்க மானிட்டரைக் கேமராவில் இணைத்தார். ஒரு கணம் பார்த்தார். அணைத்துவிட்டு இறங்கினார்.

"படம் வருதுங்களா?"

"தெளிவா வருது."

"அப்பப் பழுது எதுலீங்க?"

"உள்ள இப்ப யாருமில்லை. ஏறி, அது பார்க்கிற பக்கம் நீங்களும் பாருங்க."

சென்னியப்பன் ஏறினார். அவசர வழிக் கதவு பக்கவாட்டில் எங்கோ இருந்தது. நேர் எதிரே மேல்மூடி இல்லாத பலகைத் தடுப்பு. அதற்குள் ஆணிகளில் சுடிதார்கள், துப்பட்டாக்கள், ஒரு பெஞ்சு, முகம் பார்க்கும் கண்ணாடி. பெண்கள் உடை மாற்றும் அறை.

அவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். இறங்கும்போது ஒரு படி தவறியது.

"நீங்க மாட்டுனப்போ இப்படியா இருந்துச்சு?"

"கதவைப் பார்த்து மாட்டினேன். யாரோ திருப்பி, திருகாணியை மறுபடி முறுக்கியிருக்காங்க."

ஜெசிந்தா ஏறிக் கேமராவைக் கதவின் பக்கம் திருப்பினார். ஜாக்கைச் செருகினார். பிறகு மேனேஜர் அறைக்குப் போய் ரெக்கார்டரில் கடைசிப் பத்து நாள் விவரத்தைத் திறந்தார். ஜாக்கு கழற்றப்படுவதற்கு முந்திய ஆறு நாளும், ஷிப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும், யாரோ போனில் பதினான்காம் கேமராவை மட்டும் பார்த்திருந்தார்கள். ஒரே பெயர்தான் இருந்தது. அந்தப் பட்டியலைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு ரிப்போர்ட் எழுதத் தொடங்கினார்.

கிரிதரன் உள்ளே வந்தார். "வந்திருச்சா? சரி, எவ கழட்டுனதுன்னு எழுது."

"கையால கழட்டியிருக்குன்னு எழுதியிருக்கேன். எந்தக் கைன்னு பார்க்கிறது என் வேலையில்லை. படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவர் படித்தார். கேமரா உடை மாற்றும் அறைப் பக்கம் திருப்பப்பட்டிருந்தது. ஆறு நாள் பதிவாகியுள்ளது. பார்த்தது மேனேஜரின் போன்.

"இதைக் கிழிச்சுப் போடு," என்றார். குரல் இறங்கியிருந்தது. "கம்பெனியோட நாலு யூனிட் கேமராவும் உன் கையிலதான் இருக்கு. நாளைக்கு இருக்காது."

"இல்லாட்டிப் போகட்டும். கையெழுத்துப் போடுங்க."

"மாட்டேன்."

"சரி. உள்ள துணி மாத்துனவங்க போடட்டும்."

ஜெசிந்தா தாளை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். சென்னியப்பன் பின்னால் ஓடினார். கூடத்தின் நடுவில் நின்று ஜெசிந்தா ரிப்போர்ட்டை உரக்கப் படித்தார். ஒரு வரியையும் விடவில்லை. நூறு மெஷினும் நின்றுபோயின.

வாசலில் கிரிதரன் கத்தினார். "எவடி கழட்டுனது? எவ?"

மூன்றாம் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். கோவில்பட்டியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் தங்கமாரி. மெஷினை விட்டு வெளியே வந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"நான்தான் சார் கழட்டுனேன். திரும்பவும் அங்கிட்டுத் திருப்புனா திரும்பவும் கழட்டுவேன்." பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தாள். "என் பேரை அதுல போடுங்கக்கா."

"போட்டா வேலை போகலாம்மா."

"போடுங்கக்கா."

ஜெசிந்தா எழுதினார். தங்கமாரி பேனாவை வாங்கி முதல் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசை நீண்டது. ரிப்போர்ட்டில் ஒரு கையெழுத்துக்குத்தான் இடமிருந்தது. ஓரங்களிலும் தாளின் பின்பக்கத்திலும் போட்டார்கள். சென்னியப்பன் ஒரு அட்டையைத் தாளுக்கு அடியில் பிடித்துக்கொண்டு நின்றார். கைவலி எடுத்தும் மாற்றிப் பிடிக்கவில்லை.

அன்றைக்கே ஏழு பேர் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார்கள். ஜெசிந்தா பென் டிரைவைக் கொடுத்தார். மறுநாள் போலீஸ் வந்து ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு போயிற்று. கிரிதரன் கைதானார். தடுப்புக்கு மேல்மூடி போட்டார்கள். தங்கமாரியை வேலையிலிருந்து நிறுத்த யாரும் துணியவில்லை.

அடுத்த வாரம் முதலாளி ஜெசிந்தாவை அழைத்தார். விஷயம் வெளியே போயிருக்க வேண்டாம் என்றார். நாலு யூனிட்டையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

இருவரும் அங்கே வைத்திருந்த சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வண்டியில் ஏணியைக் கட்டும்போது சென்னியப்பன் கயிற்றை எடுத்துக் கொடுத்தார்.

"ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்காதீங்க வாத்தியாரம்மா."

"கேளுங்கண்ணா."

"அன்னைக்குக் கேமராவைக் கதவுப் பக்கம் திருப்புனதோட விட்டிருக்கலாம். எலி கடிச்சிருச்சுன்னு ஒரு வரி எழுதியிருந்தா யாருக்கும் தொந்தரவில்லை. அந்தப் பொண்ணுங்களுக்கும் நல்லதுதான். நமக்கும் நாலு யூனிட் இருந்திருக்கும்."

ஜெசிந்தா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"அத்தனை பேர் நடுவுல எந்திரிச்சு நின்னு தன் பேரைப் போடச் சொன்னா அந்தப் பொண்ணு. அவ செஞ்சதை எலி பேர்ல எழுதச் சொல்றீங்களாண்ணா?"