பத்து வயசுக் கண்டன்சர்கள்

"நம்ம கண்டன்சருக்கெல்லாம் வயசாயிருச்சு சாமி" என்று ருக்குமணி அக்கா ஓவன் கதவைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். சாயங்காலம் ஃபேன் கம்பெனிக்காரர் வருகிறார். ஆர்டர் கொடுத்தால் ஷெட் ஓடும். இல்லாவிட்டால் பூட்டு. எங்கள் நாலு பேருக்கும் வேலை போச்சு.

நாங்கள் செய்வது சீலிங் ஃபேனுக்குப் போடும் கண்டன்சர். முதலாளி சென்னியப்பன் போன வாரம் வெளியூர் கிளம்பும்போது, ஒரு கைப்பிடி பீஸை எடுத்து ஓவனில் போடச் சொன்னார். ஒரு வாரம் அந்தச் சூட்டில் கிடந்தால் வீட்டில் பத்து வருஷம் ஓடியதற்குச் சமமாம். தாங்கினால் நல்ல சரக்கு.

டெஸ்டிங் பார்க்கும் கிட்டுச்சாமி அண்ணன் நியாயஸ்தர். சிலதை வேகவிட்டு மற்றதை நிழலில் வைத்தால் பாரபட்சம் ஆகிவிடும் என்று மொத்தச் சரக்கையும் உள்ளே தள்ளிவிட்டார். எல்லாம் தாங்கிவிட்டது. அதுதான் பிரச்சினை.

இன்று காலை முதலாளி போனில், புதுச் சரக்காக எடுத்து வைக்கச் சொன்னார்.

"புதுசுக்கு எங்க போறது? எல்லாத்துக்கும் பத்து வயசு ஆச்சு" என்றார் கிட்டுச்சாமி அண்ணன்.

போன வாரம் நாம செஞ்சதுதானேண்ணா, பளபளன்னு இருக்கே என்றேன். வெளியே அப்படித்தான் இருக்கும், வயசு உள்ளுக்குள்ள ஏறும் என்று பேக்கிங் நாச்சிமுத்து அண்ணன் என்னை அடக்கினார். அவர் தலைக்கு மை அடிப்பவர். அனுபவம்.

இதைக் கேட்டதும் ருக்குமணி அக்காவுக்குப் புதுக் கவலை. ஓவனுக்குள் பீஸ் அடுக்குவது அவள்தான். தினமும் வலது கை உள்ளே போய்வருகிறது. அப்படியானால் கைக்கு என்ன வயசு? மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். வலது கைக்கு மட்டும் முதியோர் பென்ஷன் எழுதிப்போடலாம் என்று முடிவானது. இடது கை இன்னும் உழைக்க வேண்டியதுதான்.

எனக்கு மண்டை காய்ந்தது.

வழி கண்டுபிடித்தவர் நாச்சிமுத்து அண்ணன். "சூட்டுல வயசு ஏறுனா, குளுருல எறங்கோணுமல்ல?"

பக்கத்து பேக்கரியின் ஐஸ்கிரீம் பெட்டியில் எல்லாவற்றையும் கொட்டினார்கள். உடனே அடுத்த பஞ்சாயத்து.

"ரொம்ப நேரம் விட்டா என்னாகும்?" என்று கேட்டாள் ருக்குமணி அக்கா.

"செய்யறதுக்கு முன்னாடிக்குப் போயிரும். வெறும் தகடும் பிளாஸ்டிக்கும்தான் மிஞ்சும்" என்றார் கிட்டுச்சாமி அண்ணன்.

"இன்னும் விட்டா?"

"தகடு மண்ணாயிரும்."

ஐஸ்கிரீமில் மண் விழுந்தால் பேக்கரிக்காரர் சும்மா விடமாட்டார். அதனால் நாச்சிமுத்து அண்ணன் ஒரு பன் தின்று முடிப்பதற்குள் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சாயங்காலம் முதலாளி கம்பெனிக்காரரோடு வந்து இறங்கினார். அந்த ஆள் ஒரு பீஸைக் கையில் எடுத்து, சில்லுன்னு இருக்கே என்றார். எல்லாம் பதமா வச்சிருக்கோம்ங்க என்று முதலாளி சமாளித்தார். அதை ஒரு ஃபேனில் மாட்டினார்கள். ஃபேன் சும்மா பறந்தது. கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்து, எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டார்.

முதலாளி வாயைத் திறப்பதற்குள் கிட்டுச்சாமி அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"பத்து வருஷமும் உழைச்சு முடிச்சிருச்சுங்க. மத்தியானந்தான் சின்னப் பிள்ளையாக்கிக் கொண்டாந்தோம். ஃபேனை மட்டும் வேகமா விட்றாதீங்க, சூடேறுனா திரும்ப வயசாயிரும்."

கம்பெனிக்காரர் பேனாவை மூடி சட்டைப் பையில் சொருகிக்கொண்டார்.

இன்றைக்குக் கிட்டுச்சாமி அண்ணனுக்கு முதலாளி சொல்லியிருந்தது ரெண்டே வேலை. வந்தவருக்கு டீ வாங்கிக் கொடு, வாயைத் திறக்காதே. டீயும் வாங்கவில்லை.