விரிசலில் வந்த விரால்

முன்னொரு காலத்தில், யாராவது பேச ஆரம்பித்தாலே தூங்கிவிடுகிற ஒரு ராஜா இருந்தார். பெயர் மணிவர்மர். தூக்கம் தம்முடைய குறை என்று அவருக்குத் தோன்றவில்லை. பேசுகிறவர்களுடைய குறை என்று முடிவு செய்து ஓர் ஆணை போட்டார்: "சபையில் ஒருவர் பேசும்போது எம் கண் அயர்ந்தால், பேசியவர் அன்றே நாட்டின் எல்லையைத் தாண்ட வேண்டும்."

ஒரு புலவர் முதல் பாட்டு முடிவதற்குள் நாடு கடத்தப்பட்டார். அதன்பின் சபையில் யாரும் வாய் திறக்கவில்லை. இதில் தலைமை அமைச்சர் அனந்தகீர்த்திக்குத்தான் பரம திருப்தி. பெரியேரியைப் பராமரிக்கும் பொறுப்பை அவர் தம் மைத்துனனிடம் கொடுத்திருந்தார். அவனோ ஏரிப் பக்கமே போவதில்லை. மதகில் விரிசல் விட்டிருந்தது.

மழைக்காலம் நெருங்கியதும் ஏரிக்குக் கீழே இருந்த ஊர்க்காரர்கள் அரண்மனை விகடகவி பூவராகனிடம் வந்து நின்றார்கள்.

"நீங்கதான் சாமி ராஜாகிட்ட சொல்லணும். எங்களுக்கு வேற நாதி இல்ல."

பூவராகன் ஏரிக்குப் போய் மதகைப் பார்த்தான். பார்த்த பிறகு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சபையில் பேச அனுமதி கேட்டான். அமைச்சர் முந்திக்கொண்டு, "தாராளமாகப் பேசட்டும், அரசே. நாளை தங்கள் பிறந்தநாள் விருந்து முடிந்ததும் சபை கூடட்டுமே" என்றார். நெய் ஒழுகும் பொங்கலும் பால் பாயசமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

மறுநாள் காலையில் பூவராகன் வீட்டு முற்றத்தில் நின்று பேசிப் பார்த்தான். ராஜாவின் கொள்ளுப்பாட்டனார் வெட்டிய குளங்களில் தொடங்கி, சூரிய சந்திரர்களை எல்லாம் இழுத்துக்கொண்டு போனான். மனைவி செங்கமலம் நெல் குத்திக்கொண்டிருந்தாள். அவன் பேச்சுக்கு ஏற்ற தாளத்தில் உலக்கை விழுந்துகொண்டே இருந்தது. நடுவில் அடுத்த வரி மறந்துபோய் அவன் வாயடைத்து நின்றான். உலக்கையும் நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க? அப்புறம் என்ன?"

"இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டா இருந்தே?"

"இல்லையே. நீங்க நிறுத்தினப்பதான் காதே விழிச்சுது." அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா, மதகு என்னாச்சுன்னு எப்பதான் சொல்லப் போறீங்க?"

பூவராகன் யோசித்தான். கொள்ளுப்பாட்டனாரையும் சூரியனையும் தூக்கி எறிந்தான். சொல்ல வேண்டியது கொஞ்சம்தான் மிஞ்சியது. அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, எங்கெங்கே நிறுத்துவது என்று பழகினான். பிறகு யாரும் வருமுன் சபா மண்டபத்துக்குப் போய், விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த பணியாளிடம், "நான் பேசறது அங்க கேக்குதா?" என்று விசாரித்துக் குரலைச் சரிசெய்துகொண்டான்.

விருந்து முடிந்தது. ராஜா சிம்மாசனத்தில் சாய்ந்தார். இருபுறமும் சாமரம் வீசப்பட்டது. அமைச்சர் மெல்லிய வீணை இசைக்கும் ஏற்பாடு செய்திருந்தார். பூவராகன் நிமிர்ந்து நின்று ராஜாவின் கண்ணைப் பார்த்துப் பேசினான்.

"அரசே, பெரியேரி மதகில் விரிசல் கண்டிருக்கிறது. என் கை அதற்குள் முழங்கை வரை போகிறது."

ராஜா புருவத்தை உயர்த்தினார். ஆனால் பாயசம் லேசுப்பட்டதா? இமைகள் தாழ்ந்தன.

"நேற்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே அந்த விரிசல் வழியாக வெளியே வந்தது..."

பூவராகன் சட்டென்று நிறுத்தினான். ராஜாவின் தலை தொங்கியது. குறட்டை ஒன்று கிளம்பியது. பூவராகன் அசையவில்லை. விரிசலில் என்ன வந்தது என்று கேட்கும் ஆவலில் வீணைக்காரர் விரலை எடுத்துவிட்டார். சாமரங்களும் நின்றன. அந்த நிசப்தம் தாங்காமல் ராஜா திடுக்கிட்டு விழித்தார்.

"என்ன? என்ன வந்தது?"

"ஒரு விரால் மீன், அரசே. முழு விரால்."

அமைச்சர் துள்ளி எழுந்தார். "அரசே! தாங்கள் உறங்கினீர்கள். சபையே கண்டது. ஆணைப்படி இவன் எல்லையைத் தாண்ட வேண்டும்!"

ராஜா சங்கடத்துடன், "ஆம், உறங்கினோம். இதற்கு என்ன சொல்கிறாய், பூவராகா?" என்றார்.

"பேசும்போது கண் அயர்ந்தால் என்பதுதானே தங்கள் ஆணை? நான் பேசியபோது தாங்கள் உறங்கவில்லை. தாங்கள் உறங்கியபோது நான் பேசவில்லை. வீணைதான் பேசிக்கொண்டிருந்தது. அதை எல்லை தாண்டச் சொல்வதா, ஏற்பாடு செய்தவரைச் சொல்வதா என்பது தங்கள் சித்தம்."

ராஜா தொந்தி குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "சொல்ல வந்ததை முடி" என்றார்.

"அந்த மதகு ஒரு பெருமழையைக்கூடத் தாங்காது. உடைந்தால் கீழே ஒரு குடிசை மிஞ்சாது. கல்லும் சுண்ணாம்பும் ஆட்களும் இன்றே வேண்டும், அரசே. அவ்வளவுதான்."

"ஏரியைப் பராமரிப்பவர் யார்?"

அமைச்சர் வாய்க்குள் எதையோ முனகினார்.

"உரக்கச் சொல்லும், அமைச்சரே. எமக்கு இப்போது தூக்கமே இல்லை."

மைத்துனன் அன்றே பதவி இழந்தான். கல் வண்டிகள் பொழுது சாயுமுன் புறப்பட்டன. ராஜா தம் கையிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றிப் பூவராகனுக்குப் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"இனிமேல் சபையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கூட்டினால் போதும், அரசே."

ராஜா மறுபடியும் சிரித்தார். அப்படியே ஆகட்டும் என்று சொல்லி, பழைய ஆணையையும் நீக்கினார்.

பூவராகன் கம்பீரமாக வீடு வந்து சேர்ந்தான். வாசற்படி ஏறும்போதுதான் திண்ணைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். செங்கமலம் அவனைப் பிடித்து உட்காரவைத்து, ஒரு செம்பு மோர் கொடுத்தாள்.