கரடி வீட்டுக் கவர் மூட்டை

ஒரு காட்டில் மொத்தையன் என்றொரு கரடி இருந்தது, குழந்தைகளே. எதையும் தூக்கி எறிய அதற்கு மனசே வராது. "இருக்கட்டும், பின்னால உதவும்" என்று எடுத்து வைத்துக்கொள்ளும்.

குரங்கு வாலப்பன் நடத்திய தேன் கடைக்கு மொத்தையன் தினமும் கையை வீசிக்கொண்டுதான் போகும்.

"குடுக்கை எங்கேண்ணே?"

"மறந்துட்டேன்டா. இன்னிக்கு மட்டும் ஒரு கவர்ல ஊத்திக் குடு."

இந்த 'இன்னிக்கு மட்டும்' மூன்று வருடமாக நடந்தது. தேனை நக்கி முடித்ததும் கவரை மடித்து, மலைமேல் இருந்த தன் குகை வாசலில் தொங்கும் பெரிய கவருக்குள் திணித்துவிடும். நம் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒன்று தொங்குமே, அதே மாதிரிதான்.

அந்த வருடம் ஓடைக்கரை முழுக்கக் கவர் குப்பை. தலைவரான யானை எல்லாரையும் கூப்பிட்டுப் பேசியது.

"ஒரு கவர்கூட வெளியே எறியாதவங்க யாராவது இருக்கீங்களா? அவங்களுக்கு ஒரு குடம் மலைத்தேன் பரிசு!"

மலைத்தேன் என்றதும் மொத்தையனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "நான் இருக்கேன் தலைவரே! வேணும்னா வீட்டுக்கு வந்து பாருங்க" என்று நெஞ்சை நிமிர்த்தியது.

மறுநாள் யானை வந்தது, வாலப்பன் வந்தது, பக்கத்துப் புதரில் குடியிருந்த மான் தன் குட்டியோடு வந்தது. மூட்டை வாசலையே அடைத்துக்கொண்டு தொங்கியது. வீட்டுக்காரரே பக்கவாட்டில்தான் உள்ளே நுழைய வேண்டும்.

"பாருங்க, எவ்வளவு பத்திரமா வச்சிருக்கேன்!" மொத்தையன் பெருமையாக மூட்டையைத் தட்டியது.

படார்! மூட்டை வெடித்தது. நேரம் பார்த்துக் காற்றும் வந்தது. கவர்கள் நாலாபக்கமும் பறந்தன. ஒன்று யானையின் தந்தத்தில் மாட்டிக்கொண்டது. இன்னொன்றைத் தேன் வாசனைக்கு ஆசைப்பட்டு மான்குட்டி விழுங்கப் பார்த்தது. அது தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"ஐயோ, என் புள்ள!" என்று மான் அலறியது.

மொத்தையன் ஓடிப்போய்க் குட்டியின் வாய்க்குள் நகத்தை விட்டு, கவரை மெல்ல மெல்ல வெளியே இழுத்தது. குட்டி இருமியது, மூச்சு வந்தது, தாயை ஒட்டிக்கொண்டு நின்றது.

கையிலிருந்த கவரையே மொத்தையன் பார்த்தது.

"எறியலை, எறியலைன்னு பீத்திக்கிட்டேனே! நான் வாங்காம இருந்திருந்தா இதுல ஒண்ணாவது இங்க இருந்திருக்குமா? மூணு வருஷம் குப்பைக்குக் காவல் இருந்துட்டு, அதுக்குப் பரிசு வேற கேட்டேன் பாருங்க!"

அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அன்று முழுக்க மரம் மரமாக ஏறி, எல்லாக் கவரையும் பொறுக்கியது. "நாளையிலிருந்து சுரைக்குடுக்கையோடதான் வருவேன்டா" என்று வாலப்பனிடம் சத்தியம் செய்தது. பரிசைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

மறுநாள் காலையில் மலையெல்லாம் இறங்கி, மூச்சு வாங்கக் கடை முன்னால் வந்து நின்றது.

"குடுக்கை எங்கேண்ணே?"

மொத்தையன் தன் இரண்டு கைகளையும் பார்த்தது. வெறுங்கை! வாலப்பனின் கை பழக்கதோஷத்தில் கவர்க் கட்டை நோக்கிப் போனது.

"தொடாதே!" மொத்தையன் தலையில் அடித்துக்கொண்டது. "இந்த மறதி மண்டை இன்னொரு தடவை மலை ஏறட்டும். அப்பவாவது புத்தி வருதா பாப்போம்!"

முனகிக்கொண்டே திரும்பி மலை ஏறத் தொடங்கியது.

நீதி: குப்பையைச் சேர்த்து வைப்பது குறைப்பது ஆகாது, வாங்காமல் இருப்பதே குறைப்பது.