அரசனுக்கு முன் ஒரு வாய்

மந்திரி சோமதத்தரின் மூளையைப் பற்றி நாடெங்கும் ஆயிரம் கதை உண்டு. அவர் வளர்த்த சீடர்களைப் பற்றி ஒரே ஒரு கதைதான். அதைக் கேட்டால் அந்த ஆயிரமும் பொய்யோ என்று தோன்றிவிடும்.

காசி யாத்திரை கிளம்பும்போது சோமதத்தர் கச்சன், பிண்டன், தத்தன் என்ற மூன்று சீடர்களையும் கூப்பிட்டு, "பகைவன் விஷம் வைக்கப் பார்ப்பான். நீங்கள் ருசி பார்க்காத எதையும் அரசர் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மாநாகராஜாவின் கெட்ட காலம் அன்றைக்கே ஆரம்பித்தது.

மத்தியானம் நெய்ச்சோறு வந்தது. கச்சன் ஒரு கவளம் எடுத்து மென்றான்.

"இந்தக் கவளத்துல விஷம் இல்லை."

"பக்கத்துக் கவளத்துல இருந்தா?" என்றான் பிண்டன்.

அதுவும் நியாயம்தானே! பக்கத்துக் கவளம், அதற்கும் பக்கத்துக் கவளம் என்று போய், தட்டை வழித்துவிட்டுத்தான் மூவரும் நிமிர்ந்தார்கள்.

"சுத்தமான சாப்பாடு, அரசே. பயப்படாம சாப்பிடுங்க" என்று தத்தன் காலித் தட்டை நகர்த்தினான்.

ராஜாவுக்கு வயிறும் எரிந்தது, மனசும் எரிந்தது. ஆனால் தம்மை அரியணையில் ஏற்றிய மந்திரியின் சொல்லை மீறத் துணிச்சல் இல்லை. பழத்தைத் தோலோடு சோதித்தார்கள். பாலைச் சொட்டு விடாமல் சோதித்தார்கள். ராஜாவின் கிரீடம் காது வரைக்கும் இறங்கிவிட்டது.

"அரசர் இளைச்சுக்கிட்டே போறாரே" என்று பிண்டன் கவலைப்பட்டான்.

"அப்ப விஷம் எங்கேயோ இருக்கு. நாம இன்னும் கவனமாச் சாப்பிடணும்" என்றான் கச்சன்.

பசி தாங்காமல் மாநாகராஜா ஒருநாள் கோட்டைக் கதவைத் தாமே திறந்துகொண்டு, பகை அரசன் வக்ரகேதுவிடம் போய் நின்றார்.

"என்னைச் சிறையில் போடு. கைதிக்குச் சோறு உண்டல்லவா?"

சோறு வந்தது. ராஜா கையை வைப்பதற்குள் சீடர்கள் மூச்சிரைக்க ஓடிவந்து, "பகைவன் சோறு, அரசே! தொடாதீங்க!" என்று அலறி, அதையும் சோதித்து முடித்தார்கள். ராஜா வாய்விட்டு அழுதார்.

வக்ரகேதுவுக்கோ புல்லரித்துவிட்டது. "விஷத்துக்கும் அஞ்சாத வீரர்கள்! இனி என்னிடம் இருங்கள்" என்றான்.

சீடர்கள் கூடி யோசித்தார்கள். "மந்திரி அரசர்னுதானே சொன்னார், எந்த அரசர்னு சொல்லலையே" என்றான் தத்தன். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

அன்றிலிருந்து மாநாகராஜா சிறையில் மூன்று வேளையும் நிம்மதியாகச் சாப்பிட்டார். கன்னம்கூட உப்பியது. ஒரு மத்தியானம், எலும்பும் தோலுமாகிவிட்ட வக்ரகேது தள்ளாடி வந்து சிறைக்கதவைத் திறந்தான். விடுதலை என்று ராஜா எழுந்தார். அவனோ உள்ளே புகுந்து, கம்பி வழியாகக் கையை விட்டு வெளிப்பூட்டைப் பூட்டி, சாவியைத் தூர எறிந்தான்.

"கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கண்ணா. சோறு வந்துருச்சா?"