யாரும் சொல்லாத வண்ணம்

வேங்கைப்பதி மன்னர் திடவீரருக்குத் திடீர் திடீரென்று ஆசை வரும். அந்த ஆண்டு வந்த ஆசை உருள்தேர். மலைபோல் ஏறி, பள்ளத்தில் விழுந்து, நடுவே ஒருமுறை தலைகீழாகவும் சுற்றிவரும் மரத் தண்டவாளம். அதன்மேல் குதிரையே இல்லாமல் உருண்டோடும் தேர். தச்சர்கள் வேலையை முடித்துவிட்டார்கள். வண்ணம் பூசுவதுதான் பாக்கி. அந்தப் பொறுப்பு அவைக்களத்துக் குறும்பன் செவந்தியப்பன் தலையில் விழுந்தது. அவன் தண்டவாளத்தைச் சுற்றிலும் உயரமாகக் கீற்றுத் தட்டி கட்டி மறைத்துவிட்டு வேலையைத் தொடங்கினான்.

மறைத்தானா, வந்தது வினை. ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது.

"என்ன வண்ணம்?" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் மஞ்சள் என்றார்கள், பெண் வீட்டார் நீலம் என்றார்கள். முகூர்த்தம் தாண்டியும் தாலி தட்டிலேயே கிடந்தது. தட்டி ஓரமாக மேய்ந்த ஓர் ஆட்டின் முதுகில் ஒரு சொட்டு நீலம் விழ, நீலக் கட்சியார் அதற்கு மாலை போட்டு, மேளம் வைத்து ஊர்வலம் விட்டார்கள். மஞ்சள் கட்சியார் அசரவில்லை.

"அட போய்யா, அது அடிப்பூச்சு. அதுமேலதான் மஞ்சள் வரும்."

"உனக்கு யாரு சொன்னா?"

"செவந்தியப்பன் நகத்தைப் பாத்தேன். இடுக்குல மஞ்சள் இருந்துச்சு."

அது மாம்பழம் தின்ற கறை. சொன்னால் யார் நம்பப்போகிறார்கள் என்று செவந்தியப்பன் அடுத்த மாம்பழத்தைக் கடித்தான்.

அமைச்சர் வில்லவராயருக்குச் செவந்தியப்பனைக் கண்டாலே வயிறு எரியும். அவர் நேரம் பார்த்து மன்னரின் காதைக் கடித்தார்.

"அரசே, எந்த வண்ணம் பூசினாலும் 'நான் அப்பவே சொன்னேனே' என்று எவனாவது மார்தட்டிக் கிளம்புவான். தேர் தங்களுடையது, பெயர் அவனுக்கா?"

மன்னருக்குச் சுருக்கென்றது. அன்றே சபையில் ஆணை பிறந்தது.

"செவந்தியப்பா, தண்டவாளத்துக்கு யாரும் சொல்லாத வண்ணம் பூச வேண்டும். தவறினால் நீ இந்த நாட்டிலேயே இருக்கக்கூடாது."

"அப்படியே ஆகட்டும், அரசே" என்று குனிந்தான் செவந்தியப்பன். பெண்டாட்டி, எருமை, ஊர்க்குளம் எல்லாவற்றையும் விட்டு எங்கே போவது? அவன் உண்மையாகவே பயந்துபோனான்.

வில்லவராயர் அதோடு விடவில்லை. பொழுது விடிந்ததும் கூலிக்கு ஆள் பிடித்து, கடைத்தெருவில் உலகத்திலுள்ள வண்ணங்களையெல்லாம் கூவச் சொன்னார். கிளிப்பச்சை, மயில்கழுத்து, அரக்கு, வெங்காயத்தோல் என்று வரிசையாகக் கத்தித் தீர்த்தார்கள். ஒருவன் "நேத்து வச்ச ரசம்" என்றுகூடக் கூவிவிட்டுப் போனான். இனி மிச்சம் ஏது?

செவந்தியப்பன் சாயத் தொட்டி ஓரம் உட்கார்ந்து, மன்னர் சொன்னதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். "யாரும் சொல்லாத வண்ணம்... யாரும் சொல்லாத வண்ணம்..." திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தவன், சட்டென்று நிறுத்திச் சிரித்தான். எழுந்துபோய், பாதியில் நின்ற பூச்சை அப்படியே முடிக்க வேலையாட்களிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனான்.

திறப்பு விழாவன்று ஊரே திரண்டிருந்தது. மாலையும் கழுத்துமாக ஆடும் வந்திருந்தது.

"தட்டியைப் பிரிக்கச் சொல்லு" என்றார் வில்லவராயர்.

"பொறுங்கள், ஐயா. அரசருக்கு முன்னால் ஊர் பார்ப்பது மரியாதையா? முதலில் அரசர் ஏறட்டும், தாங்களும் ஏறுங்கள். மேலே திறந்துதான் இருக்கிறது, வெளிச்சத்துக்குக் குறைவில்லை. இறங்கி வந்து, பூசியது இன்ன வண்ணம் என்று ஒருவர் சொன்னாலும் போதும். இப்படியே எல்லை தாண்டிப் போய்விடுகிறேன்."

மன்னருக்கு உச்சி குளிர்ந்தது. முன்னிருக்கையில் அவர், பின்னால் வில்லவராயர், காவலுக்கு ஒரு மல்லன். தேர் தட்டிக்குள் நுழைந்தது. அமைச்சரின் வண்டவாளம் அன்று நிஜமாகவே தண்டவாளம் ஏறியது.

முதலில் மன்னரின் சிரிப்பு கேட்டது. பிறகு "ஏய்" என்றொரு அதட்டல். அப்புறம் "அம்மா" என்று ஓர் அலறல். அது யாருடைய குரல் என்று விசாரிக்க ஊரில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

தேர் வெளியே வந்து நின்றது. மூவரும் இறங்கவில்லை, இறக்கப்பட்டார்கள்.

"மல்லரே, என்ன வண்ணம்?" என்றான் செவந்தியப்பன்.

"தலைகீழா போறப்ப அமைச்சர் ஐயா வேட்டி என் மூஞ்சில விழுந்துடுச்சு. அது வெள்ளை. மத்தது தெரியாது."

"ஐயா, தாங்கள் சொல்லுங்கள். வண்ணம்?"

"தண்ணி" என்றார் வில்லவராயர். "தண்ணி, தண்ணி."

எல்லார் கண்களும் மன்னர் பக்கம் திரும்பின. ஏறியதும் இறுக மூடிய கண்ணை இப்போதுதான் திறந்தேன் என்று எந்த மன்னர்தான் சொல்வார்? கிரீடத்தைச் சரி செய்கிற சாக்கில் செவந்தியப்பனை அருகே இழுத்தார்.

"எனக்கு மட்டும் சொல்லிவிடு. என்ன வண்ணம்?"

"எப்படிச் சொல்வேன், அரசே? யாரும் சொல்லாத வண்ணம் பூச வேண்டும் என்பது தங்கள் ஆணை. அப்படியே பூசியிருக்கிறேன். ஏறியவர் ஒருவரும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தால் ஆணையை மீறியவன் ஆகிவிடுவேனே. வேண்டுமானால் தாங்களே இன்னொரு சுற்று..."

"இன்னொரு சுற்றா?" மன்னர் பின்னுக்கு நகர்ந்து வில்லவராயர் மேலேயே மோதிக்கொண்டார். மோதிய வேகத்தில் அவருக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. தட்டி அப்படியே இருக்கட்டும் என்று உத்தரவாயிற்று. மஞ்சள் கட்சியும் நீலக் கட்சியும் ஒரே வரிசையில் ஏறக் காத்து நின்றன.

"நாட்டை விட்டு நீ போக வேண்டாம். கேள் செவந்தியப்பா, என்ன வேண்டுமோ கேள்" என்றார் மன்னர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

செவந்தியப்பன் கைகட்டி நின்றான்.

"ஒன்றே ஒன்றுதான், அரசே. அந்தத் தேரில் என்னை மட்டும் ஏறச் சொல்லக்கூடாது."